"அணை உடைஞ்சிருச்சாமே?" – எல்லையோரத் தமிழர்கள் செய்தி பற்றி அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கம்பம், கூடலூர், குமுளி, வண்டிப்பெரியாறு, பீர்மேடு, மூணாறு பக்கம் இருக்கும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். மழைக்காலம் வந்தாலே இந்தப் பக்கத்து வாட்ஸ்அப் குரூப்களில் முல்லைப்பெரியாறு அணை (இருப்பது கேரளத்தில், நிர்வகிப்பது தமிழ்நாடு) பற்றி ஏதாவது ஒன்று சுற்ற ஆரம்பித்துவிடும். எது நிஜம், எதை நம்புவது என்று உறவுக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் கேட்பார்கள். அந்தக் கேள்விகளும் என் பதில்களும் இங்கே இருக்கின்றன. நான் பத்திரிகைக்காரன் இல்லை. தமிழ், மலையாளம் இரண்டிலும் தினமும் செய்தி படிக்கிறவன்.

எந்தப் பேப்பரை நம்பலாம்? ஒரே ஒரு பேர் சொல்லுங்கள், போதும்.

ஒரு பேர் சொல்ல முடியாது. கோர்ட் தீர்ப்பை வரி பிசகாமல் போடுகிற பேப்பரே தேர்தல் வந்தால் ஒரு பக்கம் சாயும். அரசியலில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கட்சிக்குப் பேசுகிற சேனல், உள்ளூர் விபத்துச் செய்தியை மற்ற எல்லாரையும்விட ஒழுங்காகச் சொல்லும். அதனால் பேப்பரை மொத்தமாக நம்பலாமா என்று யோசிப்பதைவிட, கையில் இருக்கிற இந்த ஒரு செய்தியை நம்பலாமா என்று பாருங்கள்.

தகவலைச் சொன்னவரின் பெயரோ பதவியோ இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன். இருந்தால், அது அவருக்குத் தெரிய வாய்ப்பு உண்டா என்று யோசிப்பேன். அணையின் நீர்மட்டம் செயற்பொறியாளருக்குத் தெரியும். டீக்கடையில் மைக்கை நீட்டினால் பேசுகிறவருக்குத் தெரிய வழியில்லை. அப்புறம், குற்றம்சாட்டப்பட்டவரிடமும் கேட்டுப் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை "கூறப்படுகிறது" என்றே போனால், யார் கூறினார்கள் என்று நிருபருக்கே தெரியவில்லை, அல்லது சொல்ல விருப்பமில்லை.

தவறு நேர்ந்தால் திருத்தம் போடுகிற பத்திரிகைக்கு என்னிடம் கூடுதல் மதிப்பு உண்டு. மூலையில் சின்னதாகப் போட்டாலும் சரி. ஒருநாளும் திருத்தமே போடாத பத்திரிகையில் தவறே நேர்வதில்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

"அணை உடையப் போகுது, உடனே கிளம்புங்க" என்று குரல் பதிவு வந்திருக்கிறது. என்ன செய்வது?

ஆற்றங்கரையில் இருப்பவராக இருந்தால் முதலில் 1077-க்குப் போன் போடுங்கள். இரண்டு மாநிலத்திலும் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு இதுதான் எண். செல்போனில் கூப்பிடும்போது மாவட்டத் தலைநகரின் எஸ்டிடி எண்ணை முன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள். இடுக்கிக்கு 04862, தேனிக்கு 04546. எல்லையில் நம் போன் எந்த மாநிலத்து டவரைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாதே. போன் கிடைக்கவில்லை, ஆற்றில் தண்ணீர் ஏறுவது கண்ணுக்குத் தெரிகிறது என்றால் செய்திக்காகக் காத்திருக்க வேண்டாம், மேட்டுக்குப் போய்விடுங்கள். பொய்யாக இருந்தால் திரும்பி வந்துகொள்ளலாம்.

உயிருக்கு ஆபத்தில்லாத இடத்தில் இருப்பவருக்குப் பதில் வேறு. அந்தப் பதிவை யாருக்கும் அனுப்பாதீர்கள். பேசுகிறவர் பெயர் சொல்கிறாரா, தேதி சொல்கிறாரா, எந்த ஊரிலிருந்து பேசுகிறார் என்று கேளுங்கள். இந்தப் பதிவுகளில் பெரும்பாலும் "என் ஃப்ரெண்டு பிடபிள்யூடில இருக்கான்" என்று ஒரு வரி வரும். அந்த ஃப்ரெண்டுக்குப் பெயரே இருக்காது. தேதி இல்லாததால்தான் ஒரே பதிவு அடுத்த வருடமும் புதுசு போல வருகிறது.

2021 அக்டோபரில் அணையை மூடச் சொல்லி மலையாள சமூக ஊடகங்களில் பெரிய பிரசாரம் நடந்தது. நடிகர்களும் பங்கேற்றார்கள். அப்போது கேரள முதல்வர் பினராயி விஜயனே, பயப்படும் நிலை இல்லை, பீதி கிளப்புகிறவர்கள்மேல் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும் என்று சொன்னார். புது அணை வேண்டும் என்று கோரிய அரசின் தலைவர் அவர். அணை நல்ல நிலையில் இருக்கிறது என்று தமிழ்நாட்டு அமைச்சர் சொல்வதைவிட, உடனடி ஆபத்து இல்லை என்று கேரள முதல்வர் சொல்வதற்கு எடை அதிகம். தன் தரப்புக்கு உதவாத ஒன்றை ஒருவர் ஒப்புக்கொள்ளும்போது அதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் செய்திக்கும் இது பொருந்தும்.

தமிழ்ப் பேப்பர் ஒன்று சொல்கிறது, மலையாளப் பேப்பர் வேறொன்று சொல்கிறது. யார் பொய் சொல்கிறார்கள்?

பெரும்பாலும் இரண்டு பேரும் பொய் சொல்வதில்லை. இரண்டு பேரும் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

தண்ணீர் போகும் வழியைப் பாருங்கள். அணைத் தண்ணீர் தேக்கடியிலிருந்து சுரங்கம் வழியாக லோயர்கேம்ப் வந்து கம்பம் பள்ளத்தாக்குக்குப் பாய்கிறது. இங்கே 14,707 ஏக்கர் இருபோக நெல் அதை நம்பி இருக்கிறது. ஷட்டரைத் திறந்தாலோ தண்ணீர் வல்லக்கடவு, வண்டிப்பெரியாறு, சப்பாத்து வழியாக இடுக்கி அணைக்குப் போகிறது. நீர்மட்டம் 142 அடியைத் தொட்டால் கூடலூர் விவசாயிக்கு நிம்மதி, வண்டிப்பெரியாற்றில் ஆற்றோரம் குடியிருக்கிறவருக்குத் தூக்கம் போய்விடும். அந்த வண்டிப்பெரியாற்றுக்காரர் பெரும்பாலும் தமிழர்தான் என்பது தமிழ்ப் பேப்பரில் சட்டென்று வராது. மலையாளப் பேப்பரில் கம்பம் நெல்லைப் பற்றி ஒரு வரி தேடினாலும் கிடைப்பது அரிது.

வரலாறும் இதே மாதிரி பாதிப்பாதியாகத்தான் சொல்லப்படுகிறது. பென்னிகுக் கட்டிய அணை 1895-ல் முடிந்தது. திருவிதாங்கூர் சமஸ்தானமும் பிரிட்டிஷ் அரசும் 1886-ல் போட்ட ஒப்பந்தத்தின் குத்தகைக் காலம் 999 ஆண்டுகள். பாதுகாப்பு பற்றிய பயம் எழுந்ததால் 1979-ல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டு, பலப்படுத்தும் வேலைகள் தொடங்கின. 2006-ல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. கேரளம் அதைத் தடுக்கச் சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. நீதிபதி ஆனந்த் தலைமையிலான குழு ஆராய்ந்து, அணை பாதுகாப்பாக இருக்கிறது என்று 2012-ல் அறிக்கை தந்தது. 2014 மே 7-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு கேரளத்தின் சட்டத்தைச் செல்லாது என்று சொல்லி, 142 அடியை உறுதிசெய்து, மூவர் மேற்பார்வைக் குழுவையும் அமைத்தது. தமிழ்ச் செய்திகள் பெரும்பாலும் இந்தத் தீர்ப்போடு நின்றுவிடும். சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் தூள்) வைத்துக் கட்டிய அணைக்கு 125 வயதுக்கு மேல் ஆகிவிட்டது, கீழே இத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்ற கவலையிலிருந்து மலையாளச் செய்திகள் ஆரம்பிக்கும், தீர்ப்பு எங்கேயோ கடைசிப் பத்தியில் வரும். இரண்டும் உண்மைதான்.

2021 கடைசியில் ராத்திரி நேரத்தில் ஷட்டர் திறந்த விவகாரம் இன்னொரு உதாரணம். முன்கூட்டியே தகவல் கொடுத்தோம் என்றது தமிழ்நாடு. நடுராத்திரியில் திறந்தால் ஆற்றோரத்து மக்கள் எப்படி வெளியேறுவார்கள் என்றது கேரளம். பகலில் திறக்கச் சொல்லி, அப்போது தமிழ்நாட்டு முதல்வராக இருந்த ஸ்டாலினுக்குக் கேரள முதல்வர் கடிதமே எழுதினார். தமிழ்ச் செய்தியை மட்டும் படித்தவருக்கு இது கேரளத்தின் அரசியல். மலையாளத்தில் மட்டும் படித்தவருக்குத் தமிழ்நாட்டின் அலட்சியம். ராத்திரி வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை நான் மலையாள உள்ளூர்ப் பக்கங்களில்தான் படித்தேன்.

நமக்கு இரண்டு மொழியும் காதில் விழுகிறது. மலையாளம் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாவிட்டாலும் டிவியில் சொன்னால் புரியும். மதுரைக்காரருக்கும் கொச்சிக்காரருக்கும் இல்லாத வசதி இது. பெரிய விஷயம் எதுவானாலும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்று எல்லாரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதிகாரப்பூர்வ அறிக்கை வந்துவிட்டால் அதுதானே முடிவு?

அதுவும் ஒரு தரப்புதான். மற்றதைவிடக் கனமான தரப்பு, அவ்வளவே. 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்கு முல்லைப்பெரியாற்றிலிருந்து திடீரென்று திறந்த தண்ணீரும் ஒரு காரணம் என்று கேரளம் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. தமிழ்நாடு மறுத்தது. வெள்ளத்துக்குக் காரணம் அளவுக்கு மீறிய மழைதான் என்றது மத்திய நீர்வள ஆணையம். அந்த ஆண்டு ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 19 வரை கேரளத்தில் வழக்கத்தைவிட 42 சதவீதம் அதிக மழை. ஆனால் கேரள உயர் நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட வழக்கறிஞர், மாநில அணைகளைக் கையாண்ட விதத்தில் குறை இருந்தது என்று 2019-ல் அறிக்கை கொடுத்தார். எந்த அறிக்கை, யார் கொடுத்தது, எப்போது கொடுத்தது என்று சேர்த்துச் சொல்கிற செய்தியை நம்புங்கள். "அறிக்கையில் அம்பலம்" என்று மட்டும் போட்டிருந்தால் அறிக்கையின் பெயரைத் தேடிப் பிடியுங்கள்.

நொடிக்கு 28,000 லிட்டர் தண்ணீர் திறந்துவிட்டார்களாமே, பயமாக இருக்கிறது.

ஒரு கன அடி என்பது சுமார் 28.3 லிட்டர். அதாவது நொடிக்கு 28,000 லிட்டர் என்பதும் 1,000 கன அடி என்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரே தண்ணீருக்குப் பயம் காட்ட ஒரு கணக்கு, சாதாரணமாகச் சொல்ல ஒரு கணக்கு. சில மலையாளச் செய்திகளில் கனமீட்டர் வரும். ஒரு கனமீட்டர் 35.3 கன அடி. டிஎம்சி (நூறு கோடி கன அடி) வந்தால், நொடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 1 டிஎம்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு குழப்பம் அடிக்கணக்கில். இடுக்கியின் முழுக் கொள்ளளவு மட்டம் 2,403 அடி, முல்லைப்பெரியாற்றில் அனுமதித்த மட்டம் 142 அடி. இரண்டையும் பக்கத்தில் வைத்து, "அங்கே 2,400 அடிக்குத் தேக்கலாம், நமக்கு மட்டும் 142-ஆ?" என்று ஒரு படம் சுற்றினால் கோபப்பட வேண்டாம். இடுக்கியின் கணக்கு கடல்மட்டத்திலிருந்து, முல்லைப்பெரியாற்றின் கணக்கு அணையின் அடியிலிருந்து.

தமிழ்ப் பேப்பர்களின் தேனி, மதுரைப் பதிப்புகளில் தினமும் நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் என்று நாலு வரி வரும். நாலு நாள் தொடர்ந்து பார்த்தாலே ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். எந்தக் குரல் பதிவையும்விட எனக்கு அந்த நாலு வரி பெரிது. 136 அடியைத் தொட்டதும் கேரளத்துக்கு முதல்கட்ட அறிவிப்பு போகும். அது வழக்கமான நடைமுறை. அதையே "அபாய எச்சரிக்கை" என்று தலைப்புப் போடுவார்கள்.

எந்தச் சேனல் யாருடையது என்று தெரிந்துகொள்வது அவசியமா?

அவசியம். கலைஞர் டிவி திமுக பக்கம், நியூஸ் ஜே அதிமுக பக்கம், மக்கள் டிவி பாமக பக்கம். சன் குழுமத்தை நடத்துகிறவர்கள் கருணாநிதியின் உறவினர்கள். புதிய தலைமுறையைத் தொடங்கிய எஸ்ஆர்எம் குழுமத்தின் நிறுவனர் ஒரு கட்சியையும் தொடங்கியவர். மலையாளத்தில் தேசாபிமானி மார்க்சிஸ்ட் கட்சியின் பத்திரிகை. கைரளிக்கும் அதே சார்பு. ஜெய்ஹிந்த் காங்கிரசுக்கும், ஜனம் சங்கப் பரிவாரத்துக்கும், சந்திரிகா முஸ்லிம் லீகுக்கும் நெருக்கம். எல்லைப் பிரச்சினையில் மொழிச் சாய்வும் சேர்ந்துகொள்ளும். 1951-ல் தினமலர் தொடங்கியதே திருவனந்தபுரத்தில்தான், கன்னியாகுமரிப் பகுதியைத் தமிழகத்தோடு சேர்க்கும் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலத்தில்.

சார்பு உள்ளதெல்லாம் பொய் என்று தள்ளிவிடக் கூடாது. கட்சிப் பத்திரிகையைக் கட்சியின் நிலைப்பாடு என்ன என்று அறியப் படிக்கலாம். எதிர்க்கட்சியின் ஊழலை அவர்கள்தான் முதலில் தோண்டுவார்கள். தங்கள் கட்சி ஆளும்போது எதைப் பற்றி வாய் திறக்கவில்லை என்று பார்த்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

பத்துப் பேப்பரில் ஒரே செய்தி வந்தால் நம்பலாமா?

வாசகம்கூட ஒன்றாக இருந்தால் அது பெரும்பாலும் பிடிஐ போன்ற ஒரு செய்தி நிறுவனம் தந்தது, அல்லது உள்ளூர் நிருபர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டது. பத்து இடத்தில் வந்தாலும் ஒரு சாட்சிதான்.

பொய்யே சொல்லாமல் சாய்ந்து எழுத முடியுமா?

அரிக்கொம்பன் யானையை நினைத்துப் பாருங்கள். 2023 ஏப்ரல் 29-ல் சின்னக்கானலில் பிடித்து, ரேடியோ காலர் மாட்டி, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். மே கடைசியில் அந்த யானை கம்பம் ஊருக்குள் வந்தது. 144 தடை போட்டார்கள். யானை தாக்கிக் காயமடைந்த ஒருவர் இறந்துபோனார். ஜூன் 5-ல் தமிழக வனத்துறை அதைப் பிடித்து, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குக் கொண்டுபோனது.

கேரளத்தில் அந்த யானைக்கு ரசிகர்களே இருந்தார்கள். சொந்த இடத்திலிருந்து பிரிக்கப்பட்ட அப்பாவி என்ற தொனியில் பல செய்திகள் வந்தன. நம் பக்கம் "அட்டகாசம்", "அட்டூழியம்" என்று எழுதினார்கள். தேதியும் இடமும் இரண்டு பக்கமும் சரிதான். ஆனால் கம்பத்தில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்த குடும்பங்கள் அங்கே காணாமல் போயின. யானைகள் நடமாடும் சின்னக்கானலில் மனிதக் குடியிருப்புகள் பெருகியது பற்றி இங்கே பேச்சே இல்லை. யாருடைய பேட்டியை எடுத்தார்கள், யாரை விட்டார்கள் என்று பார்த்தாலே சாய்வு தெரிந்துவிடும்.

அப்புறம் யானை மெலிந்துவிட்டது, செத்துவிட்டது என்று சுற்றிய பதிவுகள் வேறு வகை. அவை சாய்வு இல்லை, வெறும் வதந்தி. ரேடியோ காலர் மூலம் கண்காணித்து வந்த வனத்துறை வீடியோ வெளியிட்டு மறுத்தது.

வீடியோவே இருக்கிறது, அதுவுமா பொய்?

வீடியோ நிஜமாக இருக்கும், அதன்மேல் எழுதியிருப்பது பொய்யாக இருக்கும். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று வட இந்தியாவில் பரவிய வீடியோக்கள் வேறு எங்கோ, வேறு எதற்கோ நடந்த சம்பவங்களுடையவை. நம்மைப் பற்றிய பொய் என்பதால் நமக்கு உடனே தெரிந்தது. மலையாளிகள் தமிழ் லாரியை அடிக்கிறார்கள் என்று ஒரு வீடியோ வந்தாலும் அதே சந்தேகம் நமக்கு வர வேண்டும். 2011 கடைசியில் முல்லைப்பெரியாறு விவகாரத்தில் இரண்டு பக்கமும் நிஜமாகவே தாக்குதல் நடந்தது, குமுளி எல்லை மூடப்பட்டது. அந்தக் காலத்துக் காட்சியை எடுத்து இன்றைக்கு நடந்ததாகப் போடுவது ரொம்பச் சுலபம்.

வண்டியின் நம்பர் பிளேட், கடைப் பலகையின் மொழி, பஸ்ஸின் நிறம், மழையா வெயிலா என்று பாருங்கள். வீடியோவை நிறுத்தி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கூகுள் லென்ஸில் போட்டால் பழைய காட்சியாக இருந்தால் பெரும்பாலும் சிக்கிவிடும். குரலைப் போலியாகச் செய்வது இப்போது எளிதாகிவிட்டதால், தெரிந்த தலைவரின் குரல் என்பது மட்டும் ஆதாரமாகாது. அவர் எங்கே, எந்த நாளில் பேசினார் என்று கேளுங்கள்.

சரிபார்த்துச் சொல்லும் அமைப்புகளை நம்பலாமா?

தமிழில் யூடர்ன், ஆங்கிலத்தில் ஆல்ட் நியூஸ், பூம், ஃபேக்ட்லி எல்லாம் இருக்கின்றன. மத்திய அரசுக்குப் பிஐபி ஃபேக்ட் செக், தமிழ்நாடு அரசுக்குத் தனிச் சரிபார்ப்புப் பிரிவு. அரசுப் பிரிவுகள் "இது வதந்தி" என்று சொன்னால் அது அரசின் மறுப்பு. அந்த அளவில் பயன் உண்டு. அரசையே குற்றம்சாட்டும் செய்தியில் அந்த அரசே நீதிபதி ஆக முடியாது. மத்திய அரசு தன் சரிபார்ப்புப் பிரிவுக்குச் சட்ட அதிகாரம் தர முயன்ற விதியை பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்தது. தனியார் அமைப்புகளிலும், முடிவை மட்டும் சொல்லாமல் மூல வீடியோவையும் தேதியையும் காட்டுகிறவர்களைப் பாருங்கள். நாமே போய்ச் சரிபார்க்க வழி இருக்க வேண்டும்.

எங்கள் எஸ்டேட் பற்றி எந்தச் சேனலிலும் வரவில்லை. அப்படியென்றால் ஒன்றும் நடக்கவில்லையா?

அப்படி நினைக்கவே கூடாது. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கத்தில் உள்ள பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) மூடின. 70 பேர் இறந்துபோனார்கள், கிட்டத்தட்ட எல்லாருமே தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். கரன்ட் இல்லை, போன் இல்லை. மறுநாள் காலையில்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. அன்று சாயங்காலமே கோழிக்கோட்டில் விமான விபத்து. கேமராக்கள் அங்கே திரும்பின. முதலில் அறிவித்த நிவாரணத்திலும் பெட்டிமுடிக்கு 5 லட்சம், விமான விபத்துக்கு 10 லட்சம் என்று வித்தியாசம் இருந்தது.

நிருபர் போக முடியாத இடத்தில், நிருபரின் மொழி பேசாத ஜனங்களுக்கு நடப்பது செய்தியாக நேரம் ஆகும். அப்படிப்பட்ட இடங்களில் வார்டு மெம்பர், யூனியன்காரர், ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்வதற்கு மதிப்பு அதிகம். அங்கே இருப்பவரிடமிருந்து நேராக வருகிறதா என்பது மட்டும் முக்கியம். உங்கள் பகுதியில் ஏதாவது நடந்தால் நீங்களே தேதி, நேரம், இடம் சொல்லி வீடியோ எடுத்து, தமிழ், மலையாளம் இரண்டு பத்திரிகை நிருபர்களுக்கும் அனுப்புங்கள்.

பெரியப்பா தினமும் வதந்தி அனுப்புகிறார். பெரியவரிடம் எப்படிச் சொல்வது?

குரூப்பில் எல்லார் முன்னாலும் சொல்லாதீர்கள். தனியாகப் போன் போட்டு, "பெரியப்பா, நீங்க அனுப்புனது மூணு வருஷத்துக்கு முந்தினதாம், இதைப் பாருங்க" என்று சரியான செய்தியின் லிங்க்கையும் அனுப்புங்கள். அவர் நம்மேல் உள்ள அக்கறையில்தான் அனுப்புகிறார். அவரே குரூப்பில் அழித்துவிட்டால் மரியாதையும் போகாது.

ஒரு விஷயத்தில் மட்டும் தாட்சண்யம் வேண்டாம். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள், இன்ன ஊர்க்காரர்கள் அடிக்கிறார்கள் என்று வந்தால் அந்த நிமிடமே குரூப்பிலேயே மறுத்துவிடுங்கள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்கு வந்த இடத்தில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியைப் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று நினைத்து அடித்தே கொன்றார்கள். அதற்கு முன்னால் அந்த வதந்தி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. பலமுறை கைமாறிய செய்தியின்மேல் வாட்ஸ்அப்பே இரட்டை அம்புக்குறி போடும். அதைப் பார்த்தால் நிறுத்திவிடச் சொல்லுங்கள்.

தப்பான செய்தி போட்டவர்கள்மேல் புகார் கொடுக்க முடியுமா?

முடியும். பேப்பராக இருந்தால் முதலில் ஆசிரியருக்கு எழுத வேண்டும். ஆசிரியர், வெளியிடுபவர், அச்சிடுபவர் பெயர்கள் பேப்பரிலேயே சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கும். அது இல்லாத நோட்டீசைச் செய்தித்தாளாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பதில் திருப்தி இல்லையென்றால் இந்தியப் பத்திரிகை கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம். நாளிதழ் என்றால் செய்தி வந்து இரண்டு மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். கவுன்சிலால் கண்டிக்க முடியும், அபராதம் போட முடியாது. இணையச் செய்தித்தளங்கள் 2021 விதிகளின்படி குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும், அவர் பெயர் தளத்தில் இருக்கும். யார் என்றே தெரியாத வாட்ஸ்அப் பதிவு பீதியோ கலவரமோ கிளப்புகிற மாதிரி இருந்தால் மாவட்ட சைபர் கிரைம் போலீசிடம் கொடுங்கள். எந்தப் புகாருக்கும் ஸ்கிரீன்ஷாட், லிங்க், வந்த தேதி, நேரம் எல்லாம் கையில் இருக்கட்டும். அவர்கள் அழித்துவிட்ட பிறகு தேடினால் கிடைக்காது.